மயக்க மருந்தும் நம் பற்களும்

"பல் போனால் சொல் போச்சு" என்று நம் பெரியோர் சொல்லி வைத்தனர். சொல் மட்டுமா போகிறது? முறுக்கைக் கடிக்கும் இன்பம் போகிறது. பொங்கல் கரும்பின் சுவை போகிறது. நாலு பேர் நடுவே வாய்விட்டுச் சிரிக்கும் துணிவும் போகிறது. மிட்டாய் தின்று பல் சொத்தையாயிற்று என்றாலோ, ஓடி விழுந்து பல் உடைந்தது என்றாலோ நாம் வியப்படைவதில்லை. ஆனால், வயிற்றில் ஆப்பரேஷன் செய்துகொண்டு கண்விழித்தவருக்கு முன்பல் ஒன்று உடைந்திருந்தது என்று கேள்விப்பட்டால், "வயிற்றுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

அந்தச் சம்பந்தத்தை விளக்குவதும், அத்தகைய இழப்பு நேராமல் நம்மைக் காத்துக்கொள்ளும் வழிகளைச் சொல்வதுமே இக்கட்டுரையின் நோக்கம். இதைப் பற்றி அறிந்துகொள்ளும் ஆவல் எங்களுக்கு எழக் காரணம் எங்கள் பாட்டியே. அந்தக் கதையை அதற்குரிய இடத்தில் சொல்வோம்.

பல் டாக்டர்கள் தந்த கொடை

மயக்க மருந்து இல்லாத காலத்தை நினைத்தாலே உடல் நடுங்குகிறது. நோயாளியை நாலு பேர் பிடித்துக்கொள்ள, அவர் அலற அலற அறுத்த காலம் அது. அக்கொடுமைக்கு முடிவு கட்ட முன்வந்தவர்களுள் இருவர் பல் மருத்துவர்கள் என்பது வியப்பான செய்தி. அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு என்னும் ஊரில் வாழ்ந்த ஹோரஸ் வெல்ஸ், 1844-ஆம் ஆண்டில் சிரிப்பூட்டும் வாயுவைச் சுவாசித்துவிட்டுத் தம் பல்லையே பிடுங்கச் செய்து, வலி தெரியவில்லை என்று கண்டார். அவருடன் முன்பு தொழில் செய்த வில்லியம் மார்ட்டன், 1846-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் பாஸ்டன் நகரப் பொது மருத்துவமனையில் பலர் முன்னிலையில் ஒருவருக்கு ஈதர் என்னும் மருந்தை முகரக் கொடுத்தார். ஜான் வாரன் என்ற அறுவை மருத்துவர் அந்நோயாளியின் கழுத்திலிருந்த கட்டியை அலறல் இல்லாமல் அறுத்து முடித்தார்.

பல் பிடுங்கும் வலியைப் போக்க விரும்பியவர்களிடமிருந்து வளர்ந்த கலை இது. அப்படியிருக்க, அதே கலையால் சிற்சில வேளைகளில் பல்லுக்கு ஏன் ஆபத்து வருகிறது?

வாய்க்குள் கருவி எதற்கு?

முழு மயக்கம் என்பது இரவில் நாம் உறங்கும் உறக்கம் போன்றதன்று. உறக்கத்தில் கொசு கடித்தால் கை தானே எழுந்து அடிக்கிறது. முழு மயக்கத்திலோ உடல் துவண்டு கிடக்கிறது. நாக்கு பின்பக்கம் சரிந்து தொண்டையை அடைக்கக்கூடும். தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்துவிட்டால் நோயாளி தாமாக மூச்சு விடவே இயலாது. அந்த நேரத்தில் அவருக்காக மூச்சு விடும் பொறுப்பு மயக்க மருந்து டாக்டருடையது. ஆகவே பல ஆப்பரேஷன்களில் வாய் வழியாக ஒரு மெல்லிய குழாயை மூச்சுக்குழலுக்குள் செலுத்தி, அதன் வழியே ஆக்சிஜனைக் கொடுக்கிறார்கள்.

இந்த முறையை வளர்த்தவர்களுள் ஒருவர் ஐவன் மாகில் என்ற மருத்துவர். முதல் உலகப் போரில் முகமும் தாடையும் சிதைந்துபோன வீரர்களுக்கு இங்கிலாந்தில் சிட்கப் என்னும் இடத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது. முகத்திலேயே அறுக்கும்போது முகத்தை மூடி மருந்து கொடுப்பது எப்படி? அந்த இக்கட்டில் குழாய் முறை கைகொடுத்தது.

குழாய் போக வேண்டிய வாசலோ நாக்கின் அடிக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. அதைக் கண்ணால் பார்த்துச் செலுத்த லாரிங்கோஸ்கோப் என்னும் கருவி தேவை. ஒரு கைப்பிடி, அதன் நுனியில் உலோகத் தகடு, தகட்டில் சிறு விளக்கு, இதுவே அக்கருவி. வளைந்த தகடுடைய கருவியை ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிய ராபர்ட் மாக்கின்டாஷ் 1943-ஆம் ஆண்டு வெளியிட்டார். அவர் பெயரால் வழங்கும் அத்தகட்டை இன்றும் டாக்டர்கள் பயன்படுத்துகிறார்கள்.

நெம்புகோல் பாடம்

மயக்க மருந்து டாக்டர் நோயாளியின் தலைமாட்டில் நின்று, கருவியை இடக்கையில் பிடித்து, வாயின் வலப்பக்கமாக நுழைத்து, நாக்கை இடப்பக்கம் ஒதுக்குகிறார். பின்பு கருவியை அதன் கைப்பிடி நீண்டிருக்கும் திசையிலேயே முன்னும் மேலுமாகத் தூக்குகிறார். தாடை எழும்புகிறது, மூச்சின் வாசல் கண்ணுக்குத் தெரிகிறது. சரியாகத் தூக்கினால் தகடு மேற்பற்களைத் தொட வேண்டியதே இல்லை.

ஆனால் வாசல் எளிதில் தெரியாதபோது, மணிக்கட்டு சற்றே பின்பக்கம் திரும்பிவிட்டால் என்ன ஆகும்? பௌதிகப் பாடத்தில் நாம் படித்த நெம்புகோலை நினைத்துக்கொள்ளுங்கள். கடப்பாரையால் பாறையைப் புரட்டுகிறவர் அடியில் ஒரு சிறு கல்லை வைக்கிறாரே, அது ஆதாரப் புள்ளி. அழுத்தமெல்லாம் அந்தச் சிறு கல்லின் மேல்தான் விழுகிறது. வாயில் அந்தச் சிறு கல்லாக ஆகிவிடுவது நம் மேல் முன்பல்! அதிலும் தகடு அமரும் இடத்தை ஒட்டி இருப்பதால், மேல் வரிசையின் நடுவில் இடப்பக்கம் உள்ள பல்லே பெரும்பாலும் அடிபடுகிறது.

முன்பற்கள் உணவைக் கத்தி போல் வெட்டுவதற்கு அமைந்தவை. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வேர்தான். கடைவாய்ப் பற்களைப் போல் இரண்டு, மூன்று வேர்கள் இல்லை. நேராக விழும் அழுத்தத்தைத் தாங்கும் முன்பல், உள்ளிருந்து வெளியே தள்ளும் விசையைத் தாங்குவதில்லை. விளிம்பு சிதறலாம், பல் ஆட்டம் காணலாம், வேரோடு பெயரவும் கூடும்.

ஆபத்து குழாய் செலுத்தும் நேரத்தோடு முடிந்துவிடுவதும் இல்லை. மயக்கம் தெளியும் வேளையில் நோயாளி தம்மை அறியாமல் தாடையை இறுகக் கடிப்பதுண்டு. வாயில் கெட்டியான பிளாஸ்டிக் பொருள் இருந்தால் அக்கடியின் வேகம் முழுவதும் முன்பற்களில் விழும். ஆகவே துணிச் சுருள் ஒன்றைக் கடைவாய்ப் பற்களின் நடுவே வைத்துப் பாதுகாப்பதுண்டு. பலமான கடியைப் பலமான பற்கள் தாங்கட்டும் என்பதே இதன் கருத்து.

இதைப் படித்துவிட்டு யாரும் அஞ்ச வேண்டாம். சிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் பல்லில் சேதம் நேர்வது ஏறத்தாழ 4,500 முறை மயக்கம் கொடுத்தால் ஒரு முறை என்று, பிரிட்டனின் மயக்க மருந்து மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி நோயாளிகளுக்கு விளக்குகிறது. அபூர்வந்தான், ஆனால் அந்த ஒருவர் நம் வீட்டவராக இருந்தால்?

யார் அதிகக் கவனமாக இருக்க வேண்டும்?

ஆரோக்கியமான பல் எளிதில் உடைவதில்லை. சொத்தைப் பல், ஈறு நோயால் ஆடும் பல், பெரிதாக அடைத்த பல், கேப் போட்ட பல், பிரிட்ஜ் கட்டிய பல் ஆகியவையே முதலில் பாதிக்கப்படுகின்றன. முன்னே துருத்திய பற்கள் உடையவர்கள், வாயை அகலத் திறக்க இயலாதவர்கள், கழுத்தைப் பின்னால் வளைக்க முடியாதவர்கள், மிகச் சிறிய கீழ்த்தாடை உடையவர்கள் ஆகியோருக்குக் குழாய் செலுத்துவது கடினம். அங்கும் பல்லுக்கு ஆபத்து அதிகம்.

இனிச் சிறு குழந்தைகள். ஏறத்தாழ ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரை பால்பற்கள் ஒவ்வொன்றாக ஆடி விழும் பருவம். தொண்டைச் சதை ஆப்பரேஷனுக்கு வரும் குழந்தைகள் பலர் இந்த வயதினரே. "எப்படியும் விழப்போகிற பல்தானே?" என்று நாம் நினைக்கலாம். பல் விழுவது பெரிதன்று. விழுந்த பல் எங்கே போகிறது என்பதே பெரிது. வயிற்றுக்குள் போனால் பெரும்பாலும் தானே வெளியேறிவிடும். மூச்சுக்குழலுக்குள் போனால் நுரையீரலை அடைத்துவிடும். மூச்சுக்குழலின் இரு கிளைகளில் வலப்பக்கக் கிளை அகலமாகவும் செங்குத்தாகவும் இருப்பதால், உள்ளே தவறி விழும் பொருள் பெரும்பாலும் அப்பக்கமே போகிறது. ஆகவே பல் ஒன்று காணாமற்போனால் டாக்டர்கள் அதைத் தேடுவார்கள். கிடைக்காவிட்டால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

பாட்டியின் இரகசியம்

இப்போது எங்கள் பாட்டியின் கதை. எங்கள் அம்மாவைப் பெற்ற பாட்டி அவர். பித்தப்பையில் கல் இருந்ததால் அவருக்கு ஆப்பரேஷன் செய்ய வேண்டியிருந்தது. முதல் நாள் மாலை மயக்க மருந்து டாக்டர் கட்டிலருகே வந்து, "வாயில் ஆடுகிற பல், கட்டின பல் ஏதாவது இருக்கிறதா அம்மா?" என்று கேட்டார். பாட்டி சட்டென்று, "ஒன்றும் இல்லை டாக்டர்" என்றார். வாயைத் திறக்கச் சொன்னபோது பாதி திறந்து, சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். டாக்டருக்கு அவசர அழைப்பு வந்தது. "காலையில் மறுபடி பார்க்கிறேன்" என்று சொல்லிப் போய்விட்டார்.

நாங்களும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பாட்டி வாயில் இரண்டு பல் உள்ள சிறிய பல்செட் உண்டு. விடுமுறையில் பாட்டியுடன் படுத்திருந்தபோது, ஓர் இரவு எவர்சில்வர் டம்ளரில் அது தண்ணீருக்குள் கிடந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். பாட்டி எல்லாருக்கும் முன்னே எழுந்து பல் துலக்குவதன் காரணம் அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. அம்மாவுக்குக்கூட அது தெரியாது. "யாரிடமும் சொல்லக்கூடாது" என்று பாட்டி எங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தார். டாக்டர் கேட்டபோது கட்டிலருகே எங்கள் அப்பா நின்றிருந்தார். மாப்பிள்ளை முன்னால் பொய்ப்பல் என்று ஒப்புக்கொள்ளப் பாட்டிக்கு வெட்கம்!

அன்றிரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பதா? டாக்டர் ஏதோ காரணத்தோடுதானே கேட்டிருப்பார்? பெரியவர்கள் மறைத்ததைச் சிறியவர்கள் சொல்வது மரியாதைக் குறைவு அல்லவா? விடியற்காலையில் தங்கைதான் சொன்னாள்: "அக்கா, பாட்டி கோபித்துக்கொண்டால் சமாதானம் செய்துகொள்ளலாம். பாட்டிக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாரைச் சமாதானம் செய்வது?"

நாங்கள் போய் நர்ஸ் அக்காவிடம் சொல்லிவிட்டோம். அவர் ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. திரையை இழுத்துவிட்டு, எல்லாரையும் வெளியே அனுப்பி, பாட்டியிடம் தனியே பேசினார். மயக்க மருந்து டாக்டரும் வந்து பார்த்தார். பல்செட் ஒரு டப்பாவில் பெயர் எழுதி வைக்கப்பட்டது. பல்செட்டின் கம்பி பற்றியிருந்த பக்கத்துப் பல்லும் ஆடுகிறது என்பதை டாக்டர் அப்போதுதான் கண்டு குறித்துக்கொண்டார். ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. அந்த ஆடும் பல்லும் இருந்த இடத்திலேயே இருந்தது.

பாட்டி எங்களோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஆரஞ்சுச் சுளையை எங்கள் கையில் வைத்து, "உங்களிடம் இரகசியம் சொன்னால் ஊருக்கே தெரியும்டி" என்றார். சொல்லும்போது அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை.

டாக்டர் பின்னர் விளக்கியபோதுதான் நாங்கள் எவ்வளவு பெரிய ஆபத்தின் அருகே இருந்தோம் என்று தெரிந்தது. பிரிட்டனில் 72 வயதான ஒருவருக்கு வயிற்றுச் சுவரில் சிறு ஆப்பரேஷன் நடந்தது. அவருடைய பல்செட் தொண்டையில் சிக்கியிருந்தது எட்டு நாள் கழித்தே கண்டுபிடிக்கப்பட்டது. விழுங்க முடியாமல் வலியும் இரத்தமுமாக அவர் பட்ட துன்பம் 2019-ஆம் ஆண்டு மருத்துவ இதழில் வெளிவந்தது. ஆப்பரேஷனுக்கு முன் பல்செட் இருப்பதைக் குறித்து வைக்க வேண்டும் என்ற பாடத்தையே அது உலகுக்குச் சொன்னது.

டாக்டர்கள் எடுக்கும் முன்னெச்சரிக்கைகள்

மயக்கம் கொடுப்பதற்கு முன்பே டாக்டர் வாயைச் சோதித்து, எந்தப் பல் எப்படி உள்ளது என்று எழுதி வைக்கிறார். நோயாளியை உட்காரவைத்து, வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லி, உள்நாக்கு எவ்வளவு தெரிகிறது என்றும் பார்க்கிறார். அதைக் கொண்டு குழாய் செலுத்துவது எளிதா, கடினமா என்று ஓரளவு கணிக்கலாம். இந்த எளிய சோதனைக்கு மல்லம்பட்டி சோதனை என்று பெயர். ஆந்திரப் பகுதியில் பிறந்து பாஸ்டனில் பணியாற்றிய மல்லம்பட்டி என்ற மருத்துவர் 1985-ஆம் ஆண்டு இதை வெளியிட்டார். நம் நாட்டவர் ஒருவரின் பெயர் உலகெங்கும் மயக்க மருந்து டாக்டர்களின் வாயில் நாள்தோறும் வருகிறது என்பது நமக்குப் பெருமை அல்லவா?

பின்பு, தலைக்கு அடியில் தகுந்த தலையணை வைத்து, கழுத்தைச் சரியான நிலையில் அமைக்கிறார்கள். கடினம் என்று தெரிந்தால், நுனியில் காமிரா உள்ள கருவியைப் பயன்படுத்தித் திரையில் பார்த்துக் குழாயைச் செலுத்துவதும் உண்டு. சிலருக்கு மேற்பற்களின் மீது மெல்லிய உறை மாட்டுவதுண்டு. ஆனால் அது வாயில் உள்ள இடத்தைக் குறைப்பதால் எல்லாருக்கும் ஏற்றதன்று. மிகவும் ஆடும் பல்லாக இருந்தால் முன்கூட்டியே எடுத்துவிடச் சொல்வார்கள். இயலும் ஆப்பரேஷன்களில் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, குழாயே இல்லாமல் முடிப்பதும் உண்டு.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, நாள் குறித்து நடக்கும் ஆப்பரேஷன் என்றால், சில வாரங்களுக்கு முன்பே பல் டாக்டரிடம் போய், சொத்தையையும் ஈறு நோயையும் கவனித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, மயக்க மருந்து டாக்டர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் வாயில் உள்ளதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆடும் பல், கேப், பல்செட், முன்பு ஒட்டவைத்த பல், எதுவாயினும் சொல்லலாம். நம் வகுப்பில் பல்லுக்குக் கம்பி போட்டிருக்கும் தோழியரே, இது உங்களுக்கும் பொருந்தும்! முன்பு ஓர் ஆப்பரேஷனில் குழாய் செலுத்துவது கடினமாயிருந்தது என்று யாராவது சொல்லியிருந்தால் அதையும் மறவாமல் கூற வேண்டும்.

மூன்றாவது, தம்பி தங்கையருக்கு ஆப்பரேஷன் என்றால் அம்மா அவர்கள் பற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். குழந்தை பயத்தில் உண்மையைச் சொல்லாமல் இருக்கலாம்.

நான்காவது, கழற்றக்கூடிய பல்செட்டைப் பற்றிச் சொல்லி, டாக்டர் சொல்லும் நேரத்தில் கழற்றி, பெயர் எழுதிய டப்பாவில் வைக்க வேண்டும். அதை யார் வைத்திருக்கிறார்கள் என்று வீட்டார் அறிந்திருக்க வேண்டும்.

ஐந்தாவது, விழித்தபின் பல் உடைந்தோ ஆடியோ இருப்பது தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும். நிலையான பல் வேரோடு பெயர்ந்துவிட்டால், தாமதமின்றி மீண்டும் குழியில் பொருத்தினால் அது பிழைக்க வாய்ப்புண்டு. அத்தகைய பல்லின் வேரைத் தொடாமல், தேய்க்காமல், மேற்பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். உடனே பொருத்த இயலாவிட்டால் பாலில் போட்டு வைத்து, பல் டாக்டரிடம் விரைய வேண்டும். விளையாட்டு மைதானத்தில் விழுந்த பல்லுக்கும் இதே முறைதான். ஆனால் பால்பல்லை மீண்டும் பொருத்துவதில்லை.

முடிவாக ஒன்று. விபத்தில் அடிபட்டு, மூச்சுத் திணறி வருகிறவருக்குப் பல்லைச் சோதிக்க நேரம் இராது. அங்கே டாக்டர் காப்பது மூச்சை. ஒரு பல் போனாலும் உயிர் நின்றால் அதுவே பெரும் பேறு. அப்படிப்பட்ட வேளையில் அவரைக் குறை கூறுவது நியாயமாகாது. ஆனால் நேரம் இருக்கும்போது நாம் வாய் மூடி இருந்துவிட்டு, பிறகு வருந்திப் பயன் என்ன?

மயக்கத்தில் கிடப்பவரால் "என் பல் வலிக்கிறது, மெதுவாக" என்று சொல்ல இயலாது. அவர் சொல்ல வேண்டியதையெல்லாம் விழித்திருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். டாக்டரின் கைத்திறன் பாதி காக்கும். நம் வாய் சொல்லும் உண்மை மீதியைக் காக்கும். எங்கள் பாட்டி இப்போது தெருவில் யாருக்கு ஆப்பரேஷன் என்றாலும் முதல் ஆளாகப் போய், "வெட்கப்படாமல் வாயைத் திறந்து காட்டிவிடு அம்மா" என்று சொல்லிவிட்டு வருகிறார். நாமும் நம் வீட்டுப் பெரியோரிடம் அன்போடு கேட்டு, அவர்களுடைய கூச்சத்தைப் போக்கி, அவர்கள் சிரிப்பைக் காப்போமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி